ஒளிந்துகொள்ளாதே, தம்பி

அன்பு மகனுக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. நானும் அம்மாவும் நலம்.

போன ஞாயிற்றுக்கிழமை இரவு நீ பேசியதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. "ஒரே விஷயத்துல திரும்பத் திரும்ப விழுறேன்பா. முழங்கால் போடவே வெட்கமா இருக்கு" என்றாய். நான் என்ன சொன்னேன்? "ஜெபம் பண்ணு, வேதம் வாசி, எல்லாம் சரியாகிடும்" என்று சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்டு, போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது. ஜெபிக்க முடியவில்லை என்று அழுகிறவனிடம் ஜெபம் பண்ணு என்று சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷம் விசுவாசி என்று பேர் சொல்லிக்கொண்டு, பெற்ற பிள்ளை கேட்ட நேரத்தில் மனப்பாடமாக ஒன்றைச் சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடு. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

அது எந்த விஷயம் என்று நான் கேட்கப்போவதில்லை. நீயாகச் சொன்னால் கேட்பேன். சொல்லாவிட்டாலும் நீ என் மகன்தான்.

முதலில் ஒன்று. சோதனை வருகிறது என்பதற்காக நீ கெட்டவன் ஆகிவிடவில்லை. நம்முடைய வேதாகமத்தில் பாடுகளுக்கும் 'சோதனை' என்ற சொல்தான், பாவத்துக்கு இழுக்கிற இழுப்புக்கும் அதே சொல்தான். கிரேக்க மூலத்திலும் அப்படியே, இரண்டுக்கும் ஒரே சொல். சிறு வயதில் இது என்னைக் குழப்பியது. இப்போது எனக்கு அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. இழுப்பை உணர்வதும் ஒரு பாடுதான். நம்முடைய ஆண்டவரும் அந்தப் பாட்டைப் பட்டிருக்கிறார். "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற" என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது.

வனாந்தரத்தில் அவருக்கு வந்த முதல் சோதனையைக் கவனித்திருக்கிறாயா? 40 நாள் உபவாசம் முடிந்து பசி வந்த பிறகுதான் பிசாசு வருகிறான். கல்லை அப்பமாக்கச் சொல்கிறான். பசி பாவமா? இல்லை. அப்பம் பாவமா? அதுவும் இல்லை. நியாயமான ஒரு பசியைப் பிடித்துக்கொண்டுதான் அவன் உள்ளே நுழையப் பார்க்கிறான். அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், எனக்குப் பதில் எழுத வேண்டாம், நீயே உட்கார்ந்து யோசி: நீ விழுகிற அந்த நேரத்தில் உனக்கு உண்மையில் என்ன பசி? அந்த அறையில் தனியாக இருக்கிறாயே, அந்தத் தனிமையா? நாள் முழுக்க யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத சோர்வா? யார்மேலாவது அடக்கிவைத்த கோபமா? நான் கவனித்தவரை, பசியை அறியாதவன் இச்சையோடு மட்டும் மல்லுக்கட்டிக் களைத்துப்போகிறான். தனிமைதான் பசி என்றால், அதற்கு மனுஷரைத் தேடு. உடம்பு களைத்திருந்தால் தூங்கு. எலியா சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை, எழுந்து சாப்பிடு என்றுதான் சொன்னான்.

இன்னொன்றையும் பார். கர்த்தர் மூன்று தரமும் வசனத்தால் பதில் சொன்னார். மூன்றும் உபாகமத்தில் 6-ஆம், 8-ஆம் அதிகாரங்களில் இருப்பவை. பிசாசும் 91-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டு வந்தான். ஆகவே, நீ செய்ய நினைப்பதற்கு ஒரு வசனம் கிடைத்துவிட்டது என்பதால் அது சரியாகிவிடாது. 'தேவன் இரக்கமுள்ளவர், மன்னிப்பார்' என்று பாவத்துக்கு முன்பே மனசு சொல்லுமே, அந்தக் குரலை நம்பாதே. "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்று பவுல் ஒரே வார்த்தையில் அதை முடித்துவிட்டார்.

யோசேப்பின் கதையை நான் உனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அங்கியை விட்டுவிட்டு ஓடினான் என்பதையே எப்போதும் சொல்வோம். அதற்கு முன்னால் "நித்தம் நித்தம்" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அவனுடைய எஜமானின் மனைவி அவனைப் பாவத்துக்கு அழைத்து நித்தம் நித்தம் பேசிக்கொண்டே இருந்தாள். அவனும் நித்தம் நித்தம் மறுத்துக்கொண்டே இருந்தான். விற்கப்பட்டபோது அவனுக்கு 17 வயது அளவு. பார்வோனுக்கு முன் நின்றபோது 30. நடுவில் அப்பா இல்லை, சபை இல்லை, கையில் வேதபுஸ்தகம் இல்லை. பத்துக் கட்டளையே அப்போது கொடுக்கப்படவில்லை. கண்டிக்கவும் ஆள் இல்லை, பாராட்டவும் ஆள் இல்லை. "தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி" என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு நின்றான். நின்றதற்குக் கிடைத்த கூலி சிறைச்சாலை. இதை மறைத்து உனக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையாய் இருந்தால் உடனே நன்மை வரும் என்று யாராவது சொன்னால், யோசேப்பு அந்தச் சிறையில் கிடந்த வருஷங்களை நினைத்துக்கொள்.

'எதிர்த்து நிற்கணுமா, ஓடணுமா?' என்று முன்பொருமுறை கேட்டாய். யாக்கோபு பிசாசை எதிர்த்து நிற்கச் சொல்கிறார். ஆனால் இச்சையைப் பற்றிப் பேசும்போது பவுல் தீமோத்தேயுவுக்கு "விலகியோடி" என்றுதான் எழுதுகிறார். அநேகர் இதை மாற்றிச் செய்கிறோம், இச்சையின் முன்னால் உட்கார்ந்து அதோடு வாதாடிக்கொண்டிருக்கிறோம். வாதத்தில் அதுதான் ஜெயிக்கும். அதே வசனத்தின் மற்றப் பாதியையும் வாசி: சுத்த இருதயத்தோடே கர்த்தரைத் தொழுதுகொள்ளுகிறவர்களுடனே நாடு என்று இருக்கிறது. எதையோ விட்டு ஓடினால் போதாது, யாரிடமாவது போய்ச் சேரவேண்டும்.

சோதனையோடுகூட தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்கிற வாக்குத்தத்தம் உனக்கு மனப்பாடம். அந்தப் போக்கு எங்கே இருக்கும் என்று நான் கண்டதைச் சொல்கிறேன். அது வழியின் ஆரம்பத்தில் இருக்கும், சின்னதாக இருக்கும், பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். இரவு பதினொரு மணிக்குப் போனைப் படுக்கைக்கு எடுத்துப்போகாமல் அடுத்த அறையில் வைப்பதுதான் போக்கு. பன்னிரண்டு மணிக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு "கர்த்தாவே, விடுவியும்" என்று கெஞ்சும்போது, அவர் ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே ஒரு கதவைத் திறந்துவைத்திருந்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தானியேல் ராஜாவின் பந்தியில் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அதற்கு முன்பே "தன் இருதயத்திலே தீர்மானம்பண்ணிக்கொண்டு" இருந்தான்.

சரி, இதெல்லாம் விழாமல் இருப்பதைப் பற்றி. நீ என்னிடம் கேட்டது விழுந்ததைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

ஏதேனில் ஆதாம் பழத்தைத் தின்ற பிறகு, தேவனுடைய சத்தம் கேட்டதும் ஒளிந்துகொண்டான். ஆகான் எரிகோவின் கொள்ளையிலே கண்டான், இச்சித்தான், எடுத்தான், கூடாரத்துக்குள் புதைத்தான். தாவீதும் அதே வழியில்தான் போனான். பத்சேபாளிடத்தில் அவன் செய்தது பெரிய பாவம். அதை மறைக்க அவன் செய்தது அதைவிடக் கொடியது. அவள் புருஷன் உரியாவை வரவழைத்தான், வீட்டுக்குப் போகச் சொன்னான், குடிக்க வைத்தான். ஒன்றும் பலிக்காமல் போனபோது, அவனைச் சாகடிக்கும்படி படைத்தலைவன் யோவாபுக்கு எழுதிய நிருபத்தை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பினான். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கும். தீர்க்கதரிசி நாத்தான் அவனைக் கண்டிக்க வந்து நிற்கும்போது குழந்தை பிறந்தாயிற்று. குறைந்தது ஒன்பது மாதம் அந்த ராஜா வாயைத் திறக்கவில்லை என்றுதானே அர்த்தம்? "நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்று 32-ஆம் சங்கீதத்தில் சொல்கிறானே, அது எனக்குத் தெரிந்த வேதனை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ கைக்குழந்தையாக இருந்த காலம். வேலை விஷயமாக நான் அடிக்கடி வெளியூர் போய்வருவேன். போய்வந்த நாட்களைக் கூட்டி எழுதிப் பணம் வாங்க ஆரம்பித்தேன். எல்லாரும் எழுதுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் தரம் கை கூசியது. மூன்றாம் தரம் கூசவில்லை, அதுதான் பயங்கரம். அந்தப் பணத்தில் அம்மாவுக்கு ஒன்றும் வாங்கித் தரவும் முடியவில்லை, ஏது என்று கேட்பாள். ஏழு மாதம் இப்படியே போனது. அந்த மாதங்களிலும் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். குடும்ப ஜெபத்தில் சபைக்காக, நோயாளிகளுக்காக, தேசத்துக்காக நீளநீளமாக ஜெபித்தேன். எனக்காக மட்டும் ஜெபிக்கவில்லை. எனக்கென்று வாயைத் திறந்தால் எதில் போய் முடியும் என்று தெரியும்.

ஒரு நாள் இரவு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க. நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மறுநாள் மேலதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன். பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். வேலை போகவில்லை, ஆனால் என்னை நம்புவதற்கு அவர்களுக்குப் பல வருஷம் ஆனது. அந்த வருஷங்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. ஆனால் அம்மாவிடம் சொன்ன அந்த இரவில், ஏழு மாதத்துக்குப் பிறகு எனக்காக ஜெபித்தேன். நாலு வார்த்தைகூட இருக்காது.

இதனால்தான் உன்னிடம் மன்றாடுகிறேன், ஒளிந்துகொள்ளாதே. விழுவதற்கு முன், இதில் என்ன இருக்கிறது என்று காதில் சொல்கிறவனே விழுந்த பின், இனி எந்த முகத்தோடு தேவனிடம் போவாய் என்றும் கேட்கிறான். முழங்கால் போட வெட்கமாக இருக்கிறது என்றாயே, அந்த வெட்கத்தோடேயே போடு. குளித்துச் சுத்தமான பிறகுதான் தண்ணீரண்டை போவேன் என்று யாராவது சொல்வார்களா? நீ மூன்று நாள் விழாமல் இருந்துவிட்டு, அந்த மூன்று நாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவரிடம் போக நினைக்கிறாய். அது வேண்டாம். விழுந்த அதே இரவில், அதே அறையில், இன்னதைச் செய்தேன் என்று பாவத்தின் பெயரைச் சொல்லி அறிக்கையிடு.

பேதுருவை நினைத்துப் பார். யூதாசும் மனஸ்தாபப்பட்டான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். ஆனால் இயேசுவண்டை வரவில்லை. பேதுரு கரிநெருப்பண்டையில் குளிர்காய்ந்துகொண்டு இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தவன். உயிர்த்தெழுந்தவர் கடற்கரையில் நிற்கிறார் என்று கேட்டதும் படகு கரை சேரும்வரைகூட அவன் காத்திருக்கவில்லை, கடலில் குதித்தான். கரைக்கு வந்தால் அங்கேயும் ஒரு கரிநெருப்பு. யோவான் சுவிசேஷத்தில் இந்த இரண்டு இடங்களிலும் அந்த நெருப்பைச் சொல்லியிருக்கிறது. அவன் விழுந்த இடத்தின் வாசனையிலேயே கர்த்தர் அவனுக்குக் காலை ஆகாரம் ஆயத்தம் பண்ணிவைத்திருந்தார். சாப்பிட்ட பிறகுதான் "நீ என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டார். ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு தரமும் கேட்கவில்லை.

தேவனிடம் சொல்வதோடு, ஒரு மனுஷனிடமும் சொல். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு எழுதியிருப்பதை நம் சபைகளில் அதிகம் செய்வதில்லை. எல்லாரிடமும் சொல்லவேண்டும் என்று இல்லை. ஒருவர் போதும். உன்னைவிட மூத்தவர், வாயை அடக்கத் தெரிந்தவர், கேட்டுவிட்டு அதிர்ச்சியடையாதவர், ஆனால் அடுத்த வாரம் "எப்படி இருக்கிறாய்?" என்று விடாமல் கேட்கிறவர். உன் சபையின் போதகராக இருக்கலாம், ஜெபக்குழுவில் ஒரு அண்ணனாக இருக்கலாம். அப்படி ஒருவரைத் தரும்படி நானும் அம்மாவும் தினமும் கேட்கிறோம்.

பழங்காலச் சபைத் தலைவரான அகஸ்டினின் தாய் மோனிக்காவை அம்மா அடிக்கடி நினைப்பாள். மகன் தன்னை ஏமாற்றிவிட்டு ரோமுக்குக் கப்பலேறிப் போனபோதும் அவள் ஜெபத்தை விடவில்லை. பரிசுத்தத்தைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம் என்று இளவயதில் ஜெபித்தவன் அந்த மகன். கி.பி. 386-இல் மிலான் நகரத் தோட்டத்தில் ரோமர் நிருபத்தைத் திறந்து வாசித்தபோது அவன் மனம் உடைந்தது. அடுத்த வருஷம் ஞானஸ்நானம் பெற்றான். அதே வருஷம் தாய் இறந்துபோனாள், ஆனால் பார்த்துவிட்டுத்தான் போனாள். உன்னை நான் அகஸ்டினோடு ஒப்பிடவில்லை. எங்கள் ஜெபம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த வாரமும் நீ விழலாம். அப்படி நடந்தால் 'அப்பா இவ்வளவு எழுதியும் இப்படியாகிவிட்டதே' என்று என்னிடமிருந்து ஒதுங்கிப்போகாதே. இந்தக் கடிதத்தை அதற்காகவே எழுதினேன்.

என் போனும் இத்தனை நாள் இரவில் கூடத்தில்தான் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தலைமாட்டில், சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் படுக்கிறேன். எத்தனை மணியானாலும் கூப்பிடு. பேச வராவிட்டால் பேச வேண்டாம். நீ லைனில் இரு, நான் ஜெபிக்கிறேன்.

அன்புடன்,
அப்பா