அந்தக் குரல்பதிவு உன்னிடம் இருக்கிறதா?

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள சேது,

ஒரு வருடத்துக்கு மேல் மௌனமாக இருந்தவன் காரியத்துக்காகத்தான் எழுதுகிறான் என்று நீ சொல்வாய். உண்மைதான், திட்டிவிட்டுப் படி. அம்மா சௌக்கியம்.

2023 அக்டோபர் 20, வெள்ளிக்கிழமை மாலை, மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டேன். போட்டவர் தோளின் உச்சியில், மூட்டை ஒட்டி ஊசியை இறக்கிவிட்டார். மறுநாள் கொலுப்படியிலிருந்து ஒரு பொம்மையை எடுக்கக்கூடக் கை எழவில்லை என்று உனக்குக் குரல்பதிவு அனுப்பினேன். நீயோ, 'ரங்கசாமி சார் கேள்வி கேட்டபோதும் உன் கை எழுந்ததில்லையே' என்று பதில் போட்டாய். அந்தக் கை இன்றும் தோளுக்கு மேலே போவதில்லை.

இங்கே இதற்கென்றே 1988 முதல் ஓர் இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஒவ்வொரு ஃப்ளூ ஊசியின் மீதும் விதிக்கப்படும் 75 சென்ட் வரியிலிருந்து அந்த நிதி சேர்கிறது. வழக்கும் மருந்து நிறுவனத்தின் மீதன்று, அரசின் சுகாதாரத் துறைச் செயலர் மீது. எந்த ஊசிக்கு எந்தப் பாதிப்பு என்று அவர்கள் வைத்திருக்கும் அட்டவணையிலேயே தோள் காயம் இருக்கிறது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியதென்றும், பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்ததென்றும் காட்டினால், ஊசிதான் காரணமென்று தனியாக நிறுவ வேண்டியதில்லை. ஆனால் அந்த 48 மணி நேரத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். தானாகச் சரியாகிவிடும் என்று ஜனவரி வரை மருத்துவரிடம் போகாமல் இருந்தேன். போனபோதும், 'கொஞ்ச நாளாக' என்று அசட்டையாகச் சொல்லிவைக்க, அவர் 'ஒரு மாதமாக வலி' என்று குறித்துவிட்டார். என் சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்கச் சட்டம் இடம் தராது. என் வாயால் நானே எழுதவைத்த குறிப்பு எனக்கு எதிராக நிற்கிறது. குறிப்பு தவறென்று வேறு சான்றுகளால் காட்டினால் இந்த வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் ஸ்பெஷல் மாஸ்டர் ஏற்கலாம் என்கிறார் வக்கீல். மனுவை மூன்று ஆண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். அவருடைய கட்டணத்தை, வழக்கில் நியாயமான முகாந்திரம் இருந்தால், தோற்றாலும் அந்தத் திட்டமே தருமாம். நம் ஊர் வக்கீல்களிடம் இதைச் சொல்லிவிடாதே.

உன் அண்ணனிடமும் சொல்லாதே. ஊசியே ஆகாது என்று குடும்பக் குழுவில் என்னைச் சாட்சியாக்கிவிடுவார். அடுத்த ஆண்டும் போட்டுக்கொண்டேன், மற்றக் கையில்.

என் பழைய கைபேசி துணியோடு துணியாக வாஷிங் மெஷினில் போய்விட்டது. அந்தப் பதிவு தேதியோடு உன்னிடம் இருந்தால் அழிக்காமல் வை. உனக்கு நினைவிருப்பதைப் பிரமாண வாக்குமூலமாகவும் எழுதித் தர வேண்டும். நட்புக்காக ஒரு சொல்லும் கூட்டாதே, உன் கேலியையும் விட்டுவிடாதே. அதுதான் தேதிக்குச் சாட்சி. பழைய போனைப் பேரனிடம் விளையாடக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதே.

உன்,
வைத்தி