கொல்கிறதா என்று மட்டும் சோதித்தால் போதாது

நானோ பொருட்களின் பாதுகாப்பைப் பரிசீலித்து அனுமதி தரும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களைக் கொண்ட ஒரு நானோ பொருள் விற்பனைக்கு வரும் முன் அதன் சோதனை அறிக்கை உங்கள் மேசைக்கு வருகிறது. பாசியின் வளர்ச்சி எவ்வளவு குறைந்தது, நீர்த்தெள்ளுகள் எத்தனை செத்தன, மீனுக்கு என்ன ஆனது என்றெல்லாம் அதில் இருக்கும். தேவையான கேள்விகள்தான். ஆனால் அந்தத் துகள்கள் கழிவுநீரில் கலந்தால், அங்கே வாழும் பாக்டீரியாக்களிடையே ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்கள் பரவுவது கூடுமா என்று வழக்கமான சோதனைகள் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

2012-ல் வெளியான ஓர் ஆய்வு என் கவலைக்கு முக்கியக் காரணம். ஆர்பி4 என்ற பிளாஸ்மிட்டை, அதாவது பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கடத்தக்கூடிய சிறு டிஎன்ஏ வளையத்தைச் சுமக்கும் ஈ.கோலை பாக்டீரியாவையும் சால்மோனெல்லாவையும் தண்ணீரில் சேர்த்து வைத்து, அதில் அலுமினியம் ஆக்சைடின் நுண்துகள்களான நானோ அலுமினாவைக் கலந்து பார்த்தார்கள். பல ஆன்டிபயாடிக்குகளுக்கு எதிர்ப்பைத் தரும் அந்தப் பிளாஸ்மிட் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது 200 மடங்கு வரை அதிகரித்தது. அலுமினா ஆன்டிபயாடிக் அல்ல என்பதைக் கவனியுங்கள். அதன்பிறகு துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு, காப்பர் ஆக்சைடு, வெள்ளி ஆகியவற்றின் நானோ துகள்களிலும் இதே போக்கை ஆய்வகங்கள் கண்டிருக்கின்றன.

நடப்பது இதுதான். துகள் பாக்டீரியாவின் மேல் படிந்ததும் செல்லுக்குள் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. செல் சவ்வு சேதமாகி, வழக்கமாக உள்ளே விடாததையும் விடத் தொடங்குகிறது. டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்யும் அவசர ஏற்பாடு விழித்துக்கொள்கிறது. அப்புறம், பக்கத்துச் செல்லோடு இணைந்து பிளாஸ்மிட்டைக் கடத்தும் மரபணுக்கள் அதிகம் இயங்குகின்றன. அவற்றை அடக்கி வைத்திருந்தவை தளர்கின்றன. பாக்டீரியா செத்தாலும் விஷயம் முடிவதில்லை. அது சிந்திய டிஎன்ஏவை உயிரோடிருக்கும் வேறொன்று எடுத்துக்கொள்ள முடியும் என்பதற்கான முதல் தடயம் 1928-லேயே கிடைத்துவிட்டது.

இதற்குப் பாக்டீரியா சாகும் அளவுக்குத் துகள் தேவையே இல்லை. சாகாமல் திணறும் அளவு போதும். அளவு மிகக் கூடினால் பாக்டீரியாக்கள் மடிந்து மரபணுப் பரிமாற்றம் குறையவும் செய்யும். ஆகவே 'இந்த அளவுக்குக் கீழே உயிரினங்களுக்குப் பாதிப்பில்லை' என்று அறிக்கை சொல்லும் அளவே மரபணுப் பரவலுக்குத் தோதான அளவாக இருக்கலாம். எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான்.

வெள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்றம் வராமலிருக்கக் காலுறையில் சேர்க்கும் நானோ வெள்ளி துவைக்கும்போது தண்ணீரோடு போகிறது. கழிவுநீரில் அதன் பெரும்பகுதி வெள்ளி சல்பைடாக மாறி நச்சுத்தன்மை குறைகிறது என்று உற்பத்தியாளர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் சல்பைடாக மாறும் முன் அது கடந்துவரும் குழாய்களிலும் பாக்டீரியாக்கள் இருக்கின்றனவே! வெள்ளிக்கு எதிர்ப்பு உருவானால் அது தனியாகவும் வருவதில்லை. தீக்காயங்களுக்கு வெள்ளி நைட்ரேட் பூசிவந்த ஒரு மருத்துவமனைப் பிரிவில் கிடைத்த சால்மோனெல்லாவைப் பற்றி 1975-ல் எழுதினார்கள். அது வெள்ளியோடு ஆம்பிசிலின், குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்கவில்லை. இப்படிப்பட்ட மரபணுக்கள் ஒரே பிளாஸ்மிட்டில் சேர்ந்திருந்தால், உலோகம் மட்டுமே இருக்கும் இடத்திலும் மருந்து எதிர்ப்பு நிலைத்துவிடும்.

ஆன்டிபயாடிக்குகளை மிதமிஞ்சிப் பயன்படுத்துவதுதான் பாக்டீரியாக்களின் மருந்து எதிர்ப்பு வளர முதல் காரணம். அதை மறைத்து நானோ துகள்கள் மேல் பழி போட மாட்டேன். ஆய்வக முடிவுகளை அப்படியே ஆற்றுக்குப் பொருத்தவும் முடியாது. துகளின் அளவு, மேற்பூச்சு, நீரின் உப்பு, வெளிச்சம் எல்லாமே முடிவை மாற்றும். அதனால்தான் ஒவ்வொரு பொருளையும் சோதிக்கச் சொல்கிறேன். 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தொற்றுகள் நேரடியாகக் காரணமாகி உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள். சிறு தூண்டுதலைக்கூட விட்டுவைக்கும் நிலையில் நாம் இல்லை.

இப்படி முடிவெடுப்பது புதிதும் அல்ல. பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்கு மருந்தாகத் தரப்பட்ட துத்தநாக ஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் நிறுத்தியது. அது நானோ விவகாரம் அல்ல. ஆனால் மண்ணில் உலோகம் சேர்வதும், மருந்து எதிர்ப்பு கூடும் அபாயமும் அந்த முடிவின் பின்னால் இருந்தன.

நான் கேட்கும் சோதனை பெரிய செலவு வைக்காது. பிளாஸ்மிட் கொடுக்கும் பாக்டீரியா ஒன்று, வாங்கும் பாக்டீரியா ஒன்று, பாக்டீரியாவை வளர்க்க ஆன்டிபயாடிக் கலந்த அகார் தட்டுகள் இருந்தால் எந்த நுண்ணுயிரியல் ஆய்வகத்திலும் செய்யலாம். கொல்லாத குறைந்த அளவுகளிலும், உண்மையான கழிவுநீரிலும் செய்ய வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். சுத்திகரிப்பு நிலையக் கசடு வயலுக்கு உரமாகப் போகும் இடங்களில், போகும் முன் அதிலுள்ள உலோகங்களோடு எதிர்ப்பு மரபணுக்களையும் அளக்கச் சொல்லுங்கள். பொருளில் நானோ வெள்ளி இருந்தால் அட்டையில் தெரியும்படி அச்சிட வையுங்கள்.

ஏற்கனவே அனுமதி பெற்றவற்றில் வெள்ளியையும் துத்தநாக ஆக்சைடையும் முதலில் மறுபரிசீலனைக்கு எடுங்கள். முடிவுகள் எப்படி வந்தாலும் முழுத் தரவுகளோடு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

மிகுந்த அக்கறையுடன்,
நுண்ணுயிரியலைத் தொடர்ந்து வாசித்துவரும் ஒருவர்