ஐந்தொகை

சிவமயம்
பள்ளத்தூர்

அன்பு மகள் மீனாளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். வேளைக்குச் சாப்பிடு.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க இந்த ஆண்டும் நீ இல்லை. ஆறு ஞாயிறாக உன் போன் வரவில்லை என்கிறாள் உன் ஆத்தா. நான் எண்ணவில்லை.

நீ சொன்ன கருந்துளைக் கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்தேன். விழும் வாயு சூடேறி வீசும் ஒளியே பின்னால் வரும் வாயுவைத் தள்ளிவிடும், அதனால் விழுங்கும் வேகத்துக்கு வரம்பு உண்டு என்றாயே. அந்த வரம்பில் ஓயாமல் விழுங்கினாலும் எடை இரட்டிக்கச் சுமார் 3.5 கோடி ஆண்டு. செத்த முதல் நட்சத்திரம் விட்டுப்போன 100 சூரியன் எடையை முதலாக வைத்தேன். 1 கோடி சூரியன் ஆக 17 முறை இரட்டிக்க வேண்டும். ஏறத்தாழ 60 கோடி ஆண்டு. ஆனால் 2023-ல் அறிவித்த யுஎச்இசட்1 என்ற தொலைதூர விண்மீன் மண்டலத்தில், பிரபஞ்சம் பிறந்து 47 கோடி ஆண்டிலேயே 1 கோடி முதல் 10 கோடி சூரியன் எடைக்குக் கருந்துளை ஒன்று இருக்கிறதாம். ஐந்தொகை இடிக்கிறது. வட்டியில் பிழையில்லை, முதல்தான் பெரிதாக இருந்திருக்க வேண்டும். வாயு மேகம் நட்சத்திரமாகாமல் நேரே சரிந்தால் 10,000, ஏன், 1,00,000 சூரியன் எடையோடுகூடப் பிறக்கலாம் அல்லவா? அதை முன்பே சொன்னவர்களில் ஒருவர் கோவையில் பிறந்த வானியலாளர் பிரியம்வதா நடராஜன் என்று படிப்பகத்தில் எல்லோரிடமும் சொன்னேன். என் மகளும் அதே துறை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

கணக்கு தப்பென்றால் தப்பென்று ஒரு வரி எழுதக் கூடாதா? அடுத்த வளவுப் பிள்ளை உன் பல்கலைக்கழகத்துக்கு வந்தானாம். உன் அறையில் வேறு யாரோ இருந்தார்களாம். அவன் அறை மாறிப் போயிருப்பான். அது கிடக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது நான் கணக்கெழுதிய மண்டியை மூடிவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. ஏழு மாதம், தூக்குச்சட்டியோடு காலை பஸ்ஸில் காரைக்குடி போய், ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவேன். சம்பளம் என்று கொடுத்தது அப்பத்தாவின் வெள்ளிச் சொம்பு விற்ற பணம். சொம்பு எங்கே என்று நீதான் கேட்டாய். மெருகு போடக் கொடுத்திருக்கிறேன் என்றேன். உன் ஆத்தாவுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தேதான் தூக்குச்சட்டியை நிரப்பினாளோ என்னவோ.

ஞாயிறு காலை அவள் கோயிலுக்குப் போய்விடுவாள். நான் முகப்பில்தான் இருப்பேன்.

அப்பச்சி