13 வயதானால் ரோட்டில் இறங்கு

அன்புள்ள ஜெயா,

இங்கே எல்லோரும் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று சாந்தி சொன்னாள். பதிலே போடுவதில்லை என்று நீ என்னைத் திட்டித் தீர்த்ததையும் அவளே சொன்னாள். திட்டு, எனக்கென்ன. இப்போது என் புலம்பலைக் கேள்.

அடுத்த மாதம் நிலாவுக்கு 13 வயது நிறைகிறது. ஊரில் என்றால் பட்டுப்பாவாடை, கேசரி என்று போயிருக்கும். இங்கே ஜப்பானில் அந்த வயதுக்கென்று ஒரு சட்டம் காத்திருக்கிறது. 13 வயதுக்குக் கீழே இருந்தால் நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாம். நிறைந்துவிட்டால் ரோட்டில் இறங்கி இடது ஓரமாகப் போக வேண்டும். 70 வயதானால் மறுபடியும் நடைபாதையில் ஏறிக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் 57 வருஷமும் லாரியோடு குடித்தனம்.

விலக்கு இருக்கிறது. வட்டமான நீலப் பலகையில் ஒரு பெரியவர், அவர் கையைப் பிடித்த குழந்தை, கீழே ஒரு சைக்கிள் என்று வெள்ளையில் வரைந்திருந்தால் அங்கே யாரும் ஓட்டலாம், மெதுவாக, ரோட்டை ஒட்டிய பாதியில். ரோடு மிகவும் ஆபத்தாக இருந்தாலும் ஏறலாம். எது மிகவும் ஆபத்து என்பதை அந்த நிமிஷத்தில் ஓட்டுகிறவர்தான் முடிவு பண்ண வேண்டும். ஒரு குழந்தையிடம் விடுகிற முடிவா இது, சொல்லு.

அவள் டியூஷனுக்குப் போகும் வழியைச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்து வாசலில் நீலப் பலகை இருக்கிறது. மருந்துக்கடை தாண்டியதும் இல்லை. அங்கிருந்து ரோட்டோரத்தில் சைக்கிளுக்காக நீல அம்பு வரைந்திருக்கிறார்கள். ஒவ்வொரு அம்பின் மேலும் ஒரு பார்சல் வண்டி, நான்கு விளக்கையும் மினுக்கிக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றிப் போக நடு ரோட்டுக்கு வர வேண்டும், பின்னால் பஸ் உறுமும். இது வேண்டாமென்று நடைபாதையில் ஏறினாலோ, மரவேர் தூக்கிவிட்ட கற்கள், கண் தெரியாதவர்களுக்கான மஞ்சள் புடைப்புகள், பஸ் ஸ்டாப்பில் வரிசை. மழை பெய்தால் அந்த மஞ்சள் கல்லில் டயர் வழுக்கும் பார், நம் காவிரிப் படித்துறை தோற்றது.

இதையெல்லாம் இவ்வளவு நாள் சும்மா முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தேன். போன மாதம் எங்கள் கட்டடத்துப் பையன் ஒருவன் நடைபாதையில் வேகமாக வந்து, கடைக்குள்ளிருந்து வெளியே வந்த பாட்டி மேல் மோதிவிட்டான். மணிக்கட்டு எலும்பு முறிவு. அவன் அம்மா கறுப்பு உடுப்பில், துணியில் சுற்றிய மிட்டாய்ப் பெட்டியோடு மன்னிப்புக் கேட்கக் கிளம்பியதை லிஃப்டில் பார்த்தேன். என்னைப் பார்த்துக் குனிந்தாள், பேசவில்லை. நடைபாதையில் நடப்பவர் மேல் சைக்கிள் மோதினால் பெரும்பாலும் முழுத் தவறும் சைக்கிள்காரர் தலையில்தான் விழும். காப்பீடு இருந்ததால் பணத்துக்குத் தப்பினார்கள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். படித்திருக்கக் கூடாது. 2008-இல் கோபே நகரத்தில் 11 வயதுப் பையன் ஒருவன், ராத்திரி, சரிவில் வேகமாக இறங்கி, நடந்து வந்த 62 வயதுப் பெண்மணி மேல் மோதியிருக்கிறான். அந்த அம்மாளுக்கு நினைவு திரும்பவே இல்லை. 2013-இல் கோபே மாவட்ட நீதிமன்றம் பையனின் அம்மா சுமார் 9 கோடியே 52 லட்சம் யென் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இன்றைய கணக்கில் நம்மூர்ப் பணம் ஐந்து கோடிக்கு மேல். சின்னப் பிள்ளைக்குப் பொறுப்பில்லை, மேற்பார்வை பார்க்க வேண்டியவருக்குத்தான் பொறுப்பு என்பது இங்குள்ள சிவில் சட்டம். அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் அந்த மாகாணம் 2015-இல் சைக்கிள் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. டோக்கியோவில் 2020 ஏப்ரலிலிருந்து கட்டாயம், எடுக்காவிட்டால் அபராதம் மட்டும் கிடையாது.

இவர் என்ன சொன்னார் தெரியுமா? பள்ளி மைதானத்தில் ஒரு பையன் உதைத்த பந்து ரோட்டுக்குப் போய், பைக்கில் வந்த பெரியவர் விழுந்து, பிறகு இறந்தும் போன வழக்கில், 2015-இல் உச்ச நீதிமன்றம் பெற்றோரை விட்டுவிட்டதாம். சமாதானம் சொல்கிறாராம். அந்தப் பையன் வழக்கமான இடத்தில் வழக்கம்போல் விளையாடினான், இவள் ஆள் நடக்கிற இடத்தில் வண்டி ஓட்டுகிறாள், இரண்டும் ஒன்றா என்றேன். பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். உனக்குத்தான் தெரியுமே.

2026 ஏப்ரலிலிருந்து இன்னொன்று. 16 வயது நிறைந்தவர்களுக்குச் சைக்கிளுக்கும் அபராதச் சீட்டு. போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் 12,000 யென், நடைபாதையில் ஓட்டினால் 6,000. சும்மா நடைபாதையில் போனால் எச்சரிக்கைதான், வேகமாகப் போய் ஆளைப் பயமுறுத்தினால்தான் சீட்டு என்று போலீஸ் சொல்லியிருக்கிறது. டபுள்ஸுக்கு 3,000! உன் லேடிபேர்டில் என்னைப் பின்னால் வைத்து மிதித்தாயே, மரக்கடையில் நிறுத்தி இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டாரே அந்தப் போலீஸ்காரர், அவர் எவ்வளவு மலிவு!

கிண்டல் இருக்கட்டும். என் கோபம் நடைபாதைச் சட்டத்தின் மேல் இல்லை ஜெயா. நடக்கிறவர்களுக்கான இடம் நடக்கிறவர்களுக்குத்தான். அந்தப் பாட்டி இடத்தில் நம் அத்தையை வைத்துப் பார்த்தால் எனக்கே அந்தப் பையனை அறையத் தோன்றுகிறது. ஆனால் 1970-இல் சாலை விபத்தில் 16,765 பேர் செத்த சமயத்தில், சைக்கிளை நடைபாதையில் ஏற்றிவிட்டதே இவர்கள்தான். அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. அதன் பிறகு ஐம்பது வருஷம் தனிப்பாதை போட நேரம் இருந்தது. அதைப் போடாமல் அம்பு வரைந்துவிட்டு, இறங்கு என்கிறார்கள். ரோட்டில் போனால் இவளுக்கு அடிபடும், நடைபாதையில் போனால் இவளால் யாருக்காவது அடிபடும். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, இதில் எதற்கு நான் அதிகம் பயப்படுகிறேன் என்று யோசிக்கிறேன். முதலாவதற்குத்தான். அப்படி நினைக்க வெட்கமாகவும் இருக்கிறது.

சரி. மருந்துக்கடையிலிருந்து டியூஷன் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போ, தள்ளினால் சட்டப்படி நீ நடக்கிறவள்தான் என்று நிலாவிடம் சொன்னேன். “அப்போ எதுக்கும்மா சைக்கிள்?” என்றாள். ஹெல்மெட் போட ஒத்துக்கொண்டிருக்கிறாள், நிறம் அவள் இஷ்டம் என்ற நிபந்தனையோடு. காப்பீட்டுத் தொகையையும் கூட்டியிருக்கிறோம்.

உன் பெரியவன் காலேஜுக்கு வண்டியிலா போகிறான்? லைசென்ஸ் எடுத்துவிட்டானா, இல்லை உன் தம்பி மாதிரி மாமா பெயரைச் சொல்லியே சமாளிக்கிறானா? விவரமாக எழுது. வாட்ஸப்பில் கட்டைவிரலை மட்டும் அனுப்பினாயோ, டிசம்பரில் வந்து கவனித்துக்கொள்கிறேன்.

உன்
மீனா