செயலாளர் ஆண்டறிக்கை: கணினிக் கூடமும் கடவுச்சொல் புகார்களும்

அவைத் தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டில் செயற்குழு மாதந்தோறும் கூடியது. நூலகம், மாலை வகுப்பு, தண்ணீர்த் தொட்டிப் பழுது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எனக்குள்ள நேரத்தை முழுக்கக் கணினிக் கூடத்துக்கே எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். புகார்ப் புத்தகத்தை நிரப்பியது அதுதான். பெரும்பாலும் ஒரே வரி: "கடவுச்சொல்லை மாற்றினேன், மாறவில்லை."

கூடத்தின் 12 கணினிகளிலும் இயங்குதளம் டெபியன் லினக்ஸ். கோப்புகளைச் சேமிக்கும் சர்வரில் மட்டும் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளம். முன்பு எல்லாக் கணினிக்கும் பொதுவான பயனர் பட்டியலை என்.ஐ.எஸ். வழியாக வைத்திருந்தோம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1985-இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. அப்போது அதன் பெயர் யெல்லோ பேஜஸ். பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகக்குறியாக அது இருந்ததால் பெயரை மாற்றினார்கள்; கட்டளைகளின் தலையில் 'ஒய்பி' மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஏற்பாட்டில் ஒரு தெளிவு இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கணினிக்கு மட்டும் மாற்ற 'பாஸ்வேர்ட்' கட்டளை, நெட்வொர்க் முழுவதற்கும் மாற்ற 'ஒய்பி பாஸ்வேர்ட்' கட்டளை. யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் ஒய்பி பாஸ்வேர்ட், பழைய கடவுச்சொல்லை மூடி மறைக்காமல் அப்படியே கம்பியில் அனுப்பும். நாங்கள் அமைத்திருந்த விதத்தில், 'ஒய்பி கேட்' என்று தட்டினால் எல்லோருடைய கடவுச்சொல் ஹாஷும், அதாவது கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டு வைக்கும் குறியீடும், வரிசையாக வந்து விழும். ரெட் ஹாட் நிறுவனம் தன் எண்டர்பிரைஸ் லினக்ஸின் 9-ஆம் பதிப்பில் என்.ஐ.எஸ்ஸை எடுத்தே விட்டது. எனவே சென்ற பொதுக்குழுத் தீர்மானப்படி பயனர் பட்டியலை ஒரே இடத்தில் வைக்கும் ஓபன்எல்டாப் (சுருக்கமாக எல்டாப்) சர்வர் ஒன்றும், அதோடு பேசும் எஸ்.எஸ்.எஸ்.டி. என்ற நிரலை ஒவ்வொரு கணினியிலும் நிறுவினோம்.

வினை அங்கேதான் பிடித்தது. இப்போது கட்டளை ஒன்றே ஒன்று. 'பாஸ்வேர்ட்' என்று தட்டினால் எதை மாற்றுவது என்பதை, கடவுச்சொல் சரிபார்ப்பைக் கவனிக்கும் 'பேம்' அமைப்புதான் முடிவு செய்யும். டெபியனில் அதற்கான கோப்பு 'காமன் பாஸ்வேர்ட்'. அதில் 'பேம் யூனிக்ஸ்' வரி முன்னால் நிற்கும். அது கடவுச்சொல் ஹாஷ்கள் இருக்கும் கணினியின் சொந்த ஷேடோ கோப்பைப் பார்க்கும். அங்கே ஆள் இருந்தால் அங்கேயே மாற்றிவிட்டு, அடுத்த வரியைத் தாண்டிப் போய்விடும். ஆள் இல்லை என்றால்தான் 'பேம் எஸ்.எஸ்.எஸ்.' வரிக்கு முறை வந்து, அது எஸ்.எஸ்.எஸ்.டி. வழியாக எல்டாப் சர்வரோடு பேசும். வெற்றிகரமாக மாற்றியாயிற்று என்ற செய்தி இரண்டுக்கும் ஒன்றே.

மாற்றம் நடந்த வாரத்தில் வகுப்பு நின்றுவிடக் கூடாதென்று 4 கணினிகளில், உறுப்பினர்களின் அதே பெயர்களில் உள்ளூர்க் கணக்குகள் போட்டிருந்தோம். பிறகு அவற்றை அழிக்க மறந்தோம். 'மறந்தோம்' என்பது சபை மரியாதைக்காக, மறந்தவன் நான். அந்த நான்கில் ஒன்றில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றியவருக்கு மாறியது அந்தக் கணினியில் மட்டுமே. அடுத்த மேசைக்குப் போனால் பழையதுதான் திறக்கும். மாற்றிய கணினியிலோ பழையது, புதியது இரண்டுமே திறக்கும், ஏனென்றால் உள்ளே நுழையும்போது உள்ளூர்க் கோப்பில் பொருந்தாவிட்டால் சர்வரிடமும் கேட்டுப் பார்க்கும். இதைக் கண்டு பயந்த ஓர் உறுப்பினர் யாரோ ஊடுருவிவிட்டதாக எழுதிக் கொடுத்தார்.

கண்டுபிடிக்க உதவியது 'கெட்என்ட்' கட்டளை. ஒரு பயனர் பெயரைச் சும்மா கேட்டால் முதலில் அகப்படும் ஆளைக் காட்டும். 'ஃபைல்ஸில் மட்டும் தேடு' என்று சொல்லிக் கேட்டால் உள்ளூரில் ஒளிந்திருக்கும் இரட்டையைக் காட்டும். ஒவ்வொன்றாக நீக்கினோம். வீட்டு அடைவு (அவரவர் கோப்புகள் இருக்கும் இடம்) அழியாமல் கணக்கை மட்டும் நீக்க வேண்டியிருந்தது. உள்ளூரில் 1004 என்ற பயனர் எண்ணில் இருந்தவருக்கு எல்டாப்பில் 10004. கணக்கு போனதும் அவருடைய கோப்புகள் உரிமையாளர் பெயர் இல்லாமல் வெறும் எண்ணோடு நின்றன. அவற்றை உரியவருக்கு எழுதி வைக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அடுத்தது இன்னும் வெட்கக்கேடு. சர்வர் படுத்துவிட்டால் உள்ளே நுழைய ஒவ்வொரு கணினியிலும் 'பராமரிப்பு' என்ற ஒரே ஓர் உள்ளூர்க் கணக்கு வைத்திருக்கிறோம். அதன் கடவுச்சொல் எழுதிய சீட்டு தேநீர்க் கடை வரை போய் வந்ததால், மாற்றிவிடுவோம் என்று தொடங்கினேன். ஃப்ரீபிஎஸ்டியில் பாஸ்வேர்ட் கட்டளையோடு 'மைனஸ் எல்' சேர்த்தால் உள்ளூரில் மட்டும் மாற்று என்று பொருள். அதே கை லினக்ஸிலும் அதையே தட்டியது. லினக்ஸில் 'எல்' என்றால் லாக், பூட்டு. ஷேடோ கோப்பில் ஹாஷுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டு வைக்கும், அவ்வளவுதான். புதிய கடவுச்சொல்லை அது கேட்கவே இல்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். மாற்றப்பட்டது என்று ஒரு வரி வந்ததும் அடுத்த கணினிக்குப் போனேன். இப்படி 12-இலும்.

பிறகொரு நாள் மின்வெட்டில் எல்டாப் சர்வர் எழவில்லை. நெட்வொர்க் கணக்கு எதுவும் திறக்காது. பராமரிப்புக் கணக்கு என் கையாலேயே பூட்டப்பட்டிருக்கிறது. முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கு டெபியனில் நாங்கள் கடவுச்சொல்லே வைக்கவில்லை. கணினி தொடங்கும்போது வரும் கிரப் திரையில் தொடக்க வரியைத் திருத்தி, கட்டளை தட்டும் ஷெல்லுக்குள் நேராக இறங்கி, பாஸ்வேர்ட் கட்டளைக்குப் பூட்டைத் திறக்கும் 'மைனஸ் யு' கொடுத்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். உள்ளே போனால், தேநீர்க் கடைக்குப் போய் வந்த அதே பழைய கடவுச்சொல்தான்.

அதற்குப் பிறகு எஸ்.எஸ்.எஸ்.டி.யில் கடவுச்சொல்லைச் சேமித்து வைக்கும் வசதியை இயக்கினோம். சர்வர் இல்லாதபோதும் முன்பு நுழைந்தவர் நுழையலாம். இதிலும் ஒரு குறை உண்டு: கடைசியாக அந்தக் கணினியில் நுழைந்தபோது இருந்த சொல்தான் செல்லும். இடையில் வேறு கணினியில் மாற்றியிருந்தால் அது இதற்குத் தெரியாது.

தன்னார்வலர்கள் ஒரு மனக்குறையை எழுப்பினார்கள்: மறந்துவிட்ட உறுப்பினருக்குப் புதிய கடவுச்சொல் போட்டுக்கொடுக்க ரூட்டாலேயே முடியவில்லையே என்று. உள்ளூர்க் கணக்குக்கு முடியும். எல்டாப் கணக்குக்கு எஸ்.எஸ்.எஸ்.டி. முகத்துக்கு நேரே மறுத்துவிடும். அது சரியே என்பது என் கருத்து. ஒரு மேசைக் கணினியின் ரூட், ஊர் முழுவதற்கும் ரூட் ஆகிவிடக் கூடாது. மறந்தவர்கள் என்னிடம் நேரில் வரவேண்டும். சர்வரில் எல்டாப் நிர்வாகியாக நுழைந்து மாற்றித் தருகிறேன்.

கடவுச்சொல்லை மாற்ற முடியவில்லை என்று சொல்லும் 'டோக்கன் மேனிபுலேஷன் எரர்' என்ற பிழைச்செய்தி பற்றிய புகாரும் சில வந்தன. பேம் எஸ்.எஸ்.எஸ். வரியில் 'யூஸ் ஆத்டோக்' இருந்தால், புதிய சொல்லை முந்தைய வரி கேட்டு வாங்கித் தரும் என்று அது காத்திருக்கும், தானாகக் கேட்காது. முந்தைய வரி கேட்காமல் ஒதுங்கினால் இந்தப் பிழை. கடவுச்சொல்லின் தர அளவைப் பார்க்கும் வரியை முதலில் சேர்த்ததும் நின்றது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது: உள்ளூரில் பராமரிப்புக் கணக்கைத் தவிர வேறெந்த ஆள் கணக்கும் கூடாது, அந்தப் பெயர் எல்டாப்பில் இருக்கவும் கூடாது. பராமரிப்புக் கடவுச்சொல்லை மாற்றுபவர், வெளியேறி மறுபடி உள்ளே நுழைந்து காட்டிய பிறகே பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். இரண்டாவது எல்டாப் சர்வருக்குப் பழைய கணினி ஒன்று தேவை. வீட்டில் சும்மா கிடப்பதைத் தர முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்