பங்கு இதழ்களின் விளம்பரப் பக்கங்களைக் கிழிக்காதீர்கள்

நண்பர்களே, வணக்கம். 1900களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பங்குகள், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த வட்டாரச் சபைகள், அச்சிட்ட மாத இதழ்களைச் சேகரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளம்பரப் பக்கங்களைப் பிரித்து வீசிவிடாதீர்கள். தெருமுனை ரொட்டிக் கடை, நிலக்கரி வியாபாரி, சவப்பெட்டி செய்பவர் என்று அந்த வட்டாரமே அங்கேதான் உயிரோடு இருக்கிறது. ஞானஸ்நானம், கல்யாணம், காணிக்கை கொடுத்தவர்கள் என்று வரும் பெயர்ப் பட்டியல்களும் பொக்கிஷம். 1910 ஆகஸ்டில் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் (பத்தாம் பயஸ்) புதுநன்மை, அதாவது முதல் முறை நற்கருணை, வாங்கும் வயதை ஏறக்குறைய 7 என்று இறக்கினார். அதற்கு முன்னும் பின்னும் வந்த புதுநன்மைப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் பின் (ஸ்டேப்பிள்) துருப்பிடித்திருந்தால் இழுக்க வேண்டாம். மடிந்த நுனிகளை நிமிர்த்திவிட்டு மெதுவாக எடுங்கள். அப்புறம், இங்கே படம் போடும்போது ஊர், பங்கின் பெயர், மாதம் மூன்றையும் எழுதுங்கள்.