கலிங்கை உயர்த்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறு மண் அணைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, எவ்வளவு தண்ணீர் தேங்கும் என்பதையே சுற்றிச் சுற்றி வந்தது. கலிங்கின் (அணை நிறைந்ததும் மிகுதி நீர் வழிந்து வெளியேறும் தாழ்வான இடம்) மேல் மணல் மூட்டை அடுக்கி ஓரடி நீரைக் கூடுதலாகப் பிடிப்பதை நல்ல யோசனை என்றும் பாராட்டியிருந்தது. அதை மறுத்தே இதை எழுதுகிறேன்.

கலிங்கு 10 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதன் தளத்திலிருந்து கரை உச்சி 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளம் உச்சியைத் தொடும் நேரத்தில் அந்தக் கலிங்கு வினாடிக்குச் சுமார் 17 கன மீட்டர் நீரை வெளியே தள்ளும். 30 சென்டிமீட்டருக்கு மூட்டை அடுக்கினால் மிஞ்சுவது 70 சென்டிமீட்டர். உயரத்தில் முப்பது சதவீதம் போனால் நீரிலும் அவ்வளவுதானே குறையும், 12 கன மீட்டராவது வெளியேறுமே என்று தோன்றும். வெளியேறாது, 10 தான் வெளியேறும். வழிவதற்கு மிஞ்சும் உயரம் குறையும்போது வழியும் நீரின் ஆழம், வேகம் இரண்டுமே குறைவதுதான் காரணம்.

இனி வரவைப் பாருங்கள். 100 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டி, பத்தில் எட்டுப் பங்கு ஓடி வந்தால் வினாடிக்கு 13 கன மீட்டருக்கு மேல் வந்து சேரும். மூட்டை இல்லாத கலிங்கு சமாளிக்கும். மூட்டை வைத்தது சமாளிக்காது. (அணைக்குள் பரவி வெள்ளத்தின் உச்சம் சற்றுத் தணியும் என்பதை இதில் சேர்க்கவில்லை, அலைக்கென்று இடம் ஒதுக்கவும் இல்லை.) பெரிய வெள்ளம் வந்தால் மூட்டை தானே அடித்துக்கொண்டு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். முள்ளும் செத்தையும் சிக்கி இறுகிய மூட்டை எந்த நேரத்தில் போகும் என்று யாருக்கும் தெரியாது.

கரை மேல் நீர் வழிந்தால் கான்கிரீட் அணை சில மணி நேரம் தாங்கலாம். மண் கரைக்கு அந்தச் சலுகை கிடையாது. வெளிச்சரிவில் முதலில் ஒரு பள்ளம் விழும். அது கரையைத் தின்றுகொண்டே உச்சியை நோக்கி ஏறும். உச்சி அறுந்துவிட்டால் பிறகு எதைப் போட்டும் நிறுத்த முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் மண் அணை 1889 மே 31 அன்று இப்படித்தான் உடைந்து 2,209 பேர் இறந்தார்கள். அங்கே வண்டி போக வசதியாகக் கரை உச்சியைத் தாழ்த்தியிருந்தார்கள். மீன் தப்பாமலிருக்கக் கலிங்கின் குறுக்கே கம்பித் தடுப்பு வைத்திருந்தார்கள். அடியிலிருந்து நீரை இறக்கும் குழாய்களை முன்பே கழற்றியவர்கள் திரும்பப் பொருத்தவேயில்லை. இந்த மூன்று தவறுகளையும் சிறு அணைகளில் இன்றும் பார்க்கலாம்.

ஒரே அணை வெள்ளத்தையும் தடுக்கும், கோடைக்கும் நீர் தரும் என்று கட்டுரை சொல்வதும் சரியல்ல. வெள்ளத்தைத் தணிக்க அணைக்குள் காலியிடம் வேண்டும். கோடைக்கு நீர் வேண்டுமென்றால் அது நிறைந்திருக்க வேண்டும். நிலத்தடி நீருக்காகக் கட்டுவதென்றால் தரை கசிய வேண்டும், ஆனால் கரை கசியக் கூடாது. எது முதல் நோக்கம் என்று முடிவு செய்த பிறகே மதகின் மட்டத்தையும் கலிங்கின் மட்டத்தையும் குறிக்க முடியும்.

கட்டுரை தொடாத இன்னொரு ஆபத்து, கரைக்குள் நடக்கும் அரிப்பு. எல்லா மண் கரையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கரையடியில் வரும் நீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். தெளிவாகவே இருந்தால், எவ்வளவு வருகிறது என்று வாரந்தோறும் அளந்து குறித்து வந்தால் போதும். அடியில் வண்டல் படிந்தால், கரை உள்ளேயிருந்து கரைந்து வருகிறது என்று அர்த்தம். நீர் தெளிவாக இருந்தாலும், மட்டம் ஏறாத நிலையில் கசிவு மட்டும் கூடினால் அதுவும் கெட்ட அறிகுறிதான்.

அப்போது பலரும் செய்வது, வெளிப்பக்க ஓட்டையில் களிமண்ணைத் திணிப்பது. அதைச் செய்யவே கூடாது. அடைபட்ட நீர் உள்ளே அழுத்தம் கூடி வேறு பக்கம் பிய்த்துக்கொள்ளும். கசிகிற இடத்தின் மேல் முதலில் பருமணல், அதன் மேல் சரளை, அதன் மேல் கல் என்று பரப்ப வேண்டும். நீர் போகும், மண் போகாது. கூடவே மதகைத் திறந்து நீர்மட்டத்தைப் படிப்படியாக இறக்க வேண்டும். ஒரேயடியாக இறக்கினால் ஊறிப்போன உட்சரிவு சரிந்துவிடும். கலங்கல் வேகமாகக் கூடினால் இந்த வேலையையெல்லாம் விட்டுவிட்டு, கீழே குடியிருப்பவர்களை முதலில் அப்புறப்படுத்த வேண்டும்.

இந்த அரிப்பு பெரும்பாலும் கரைக்குள் பதித்த மதகுக் குழாயை ஒட்டியே தொடங்குகிறது. குழாயின் அடிவயிற்றுக்குக் கீழே மண்ணை இறுக்கும் உருளை நுழையாது; அங்கே மண் இறுகாமல் நின்றுவிடும். கையால் இடித்தே இறுக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி வைப்பது இன்னும் பாதுகாப்பு. கரையில் மரம் வளர விடுவதும் இதே கணக்குதான்: பட்டுப்போன மரத்தின் வேர் மக்கியதும் அது இருந்த இடம் நீருக்கு வழியாகிவிடும்.

மண்ணையும் சோதிக்க வேண்டும். சிறு மண் கட்டியை மழைநீர் ஊற்றிய டம்ளரில் போட்டுக் கலக்காமல் வையுங்கள். கட்டி உதிர்ந்து குவிந்தால் பரவாயில்லை. சுற்றிலும் பால்போலக் கலங்கல் பரவினால் அது நீரில் தானாகவே கரையும் களிமண். ஜிப்சம் கலக்காமல் கரைக்கு ஆகாது. நல்ல மண்ணானாலும் 15 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு, ஈரம் பார்த்து இறுக்க வேண்டும். பிடித்த உருண்டை உதிரவும் கூடாது, உள்ளங்கையை நனைக்கவும் கூடாது.

கூடுதல் நீர்தான் வேண்டுமென்றால் வழி இல்லாமல் இல்லை. மேலே சொன்ன கலிங்கை 30 சென்டிமீட்டர் உயர்த்திவிட்டு, அதே 17 கன மீட்டரை வெளியேற்ற அகலத்தை 10 மீட்டரிலிருந்து 17 மீட்டராக்க வேண்டும். உயரும் நீர்மட்டத்தைக் கரை தாங்குமா என்றும் ஒரு பொறியாளர் பார்த்தாக வேண்டும். கலிங்கை அகலப்படுத்த இடமில்லையென்றால் தூர்வாரலாம். ஆனால் கரையின் உட்பக்க அடியை ஒட்டித் தோண்டாமல் தள்ளியே தோண்ட வேண்டும். அங்கே படிந்திருக்கும் வண்டல்தான் பல அணைகளில் கசிவை அடைத்து வைத்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு நீர்ப்பாசனப் பொறியாளர்